நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

(சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய ஒருநாள் பயிற்சியில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தரப்படுகிறது.)



சம்பள விசயம் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சம்பள விசயந்தான் பேசப் போகிறேன். ஆனால் அதைக் கூச்சத்தில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க, நீங்களே சொல்லிருங்க." எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்த வசனம் என் காதில் விழும். பெரட்டுக்களத்தில் கேட்டிருக்கிறேன், ஆபீஸ் வாசலில் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையிலும் கேட்டிருக்கிறேன். "ஏம்மா, நீங்களே கேட்கலாமே?" என்று சொன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நாலு பேரு என்ன நெனைப்பாங்க?" என்பார்கள். அந்த நாலு பேர் யார், அவர்களுக்காக நாம் எவ்வளவு இழக்கிறோம், அந்தப் பயத்தை எப்படிக் குறைப்பது, இந்த மூன்றையும் இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில் இழப்பைக் கணக்குப் போடுவோம். நமக்குக் கணக்கு நன்றாக வரும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கு, சாக்குக்கு, முற்றின இலைக்கு என்று கழிக்கிறார்கள். நியாயமான கழிவை விட்டுவிடுவோம். அதற்கு மேல் ஒரு நிறுவைக்கு 2 கிலோ கூடுதலாகக் கழித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிறுவை என்றால் 4 கிலோ. மாதம் 20 நாள் வேலை என்றால் 80 கிலோ. உங்கள் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 20 கிலோ எடுக்க வேண்டும் என்றால், 80 கிலோ என்பது 4 நாள் உழைப்பு. தறாசுக்கு முன்னால் நின்று, "ஐயா, எவ்வளவு கழிச்சீங்க, எதுக்குக் கழிச்சீங்க?" என்று கேட்க ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடி வாய் திறக்காததற்கு மாதம் 4 நாள் உழைப்பைக் கொடுக்கிறோம்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. நம்முடைய சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள், தோட்டம் 12 வீதம் போட வேண்டும். அது உங்கள் பெயரில் சரியாகப் போகிறதா? செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மூன்றாவது பெயர் என்று இருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். ஓய்வு பெறும் நாளில்தான் அது தெரியவரும். அப்புறம் வயதான காலத்தில் ஆபீசுக்கும் தொழில் திணைக்களத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே கிளாக்கரிடம், "என்னோட பேரு, நம்பர் எல்லாம் எப்படி எழுதியிருக்கு, காட்டுங்க" என்று கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். கேட்க முடியாமல் தடுத்தது கூச்சம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார் என்று புரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறோம். காலையில் ஒரு மாத்திரையா, இரண்டா என்று திரும்பக் கேட்பதில்லை. "இது கூடவா தெரியாது?" என்று பின்னால் நிற்கிறவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். விளங்காத மொழியில் இருக்கும் கடதாசியில் கையெழுத்துப் போடுகிறோம். பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிற உத்தியோகத்தரைக் காக்க வைக்கக் கூச்சம்.

எல்லாவற்றிலும் எனக்கு மனம் வலிப்பது இன்னொன்று. பாடசாலையில் பெற்றோர் கூட்டம். தாய் போவதில்லை. விரலில் கொழுந்துக் கறை இருக்கிறது, நல்ல சேலை இல்லை, ரீச்சர் முன்னால் பேசத் தெரியாது என்று தானே ஒதுங்கிக்கொள்கிறாள். சில வீடுகளில் பிள்ளையே, "அம்மா, நீ வராத" என்று சொல்லிவிடுகிறது. அதே பிள்ளை வளர்ந்து கொழும்பில் கடையில் வேலைக்குப் போகிறது. ஊர் எது என்று கேட்டால் நுவரெலியா, பதுளை என்று டவுண் பெயரைச் சொல்கிறது. தோட்டத்தின் பெயர் வாயில் வருவதில்லை. வெட்கம் ஒரு தலைமுறையில் நிற்பதில்லை. லயத்துக் காம்பராவைப் போல அதுவும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். நமக்கு உண்மையிலேயே பேசத் தெரியாதா?

ஒரு சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். நம் கிழவி ஒப்பாரி எடுத்தால் மூன்று லயத்துக்குக் கேட்கும். செத்தவருடைய முழு வாழ்க்கையையும், அவர் பட்ட கஷ்டத்தையும், யார் யார் என்ன செய்தார்கள் என்பதையும் ஒரு கடதாசி இல்லாமல் அந்த இடத்திலேயே கட்டிப் பாடுகிறாள். கேட்கிறவர்கள் எல்லோரும் அழுகிறார்கள். படித்த பேச்சாளர் எத்தனை பேரால் அப்படிச் செய்ய முடியும்?

மாசியில் காமன் கூத்து நடக்கிறது. கவ்வாத்து வெட்டுகிற தம்பி மன்மதனாக வேசம் கட்டி, முழுத் தோட்டமும் பார்க்க விடிய விடிய ஆடுகிறார். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு எல்லாம் அப்படித்தான். அடுத்த வாரம் அதே தம்பியை, "ஆபீசில் போய் உன் கைக்காசு குறைந்ததைக் கேள்" என்றால் தொண்டை அடைத்துவிடுகிறது.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நம் பெண்களின் வாதத்தைக் கேட்டால் வக்கீல் தோற்பார். அங்கே சொல் தடுமாறுவதில்லை.

ஆக, குரல் இருக்கிறது. சொல் இருக்கிறது. ஞாபக சக்தி இருக்கிறது. முன்னால் ஒரு மேசை, அதற்குப் பின்னால் கதிரையில் ஒருவர் என்று வந்துவிட்டால்தான் எல்லாம் போய்விடுகிறது. இது நம் பிறவிக் குணமாக இருந்தால் எல்லா இடத்திலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? சில இடங்களில் மட்டும் வருகிற பயம் நமக்குக் கற்பிக்கப்பட்ட பயம்.

யார் கற்பித்தார்கள்? நம் முன்னோர் கோப்பித் தோட்டக் காலத்தில், 1800களின் முற்பகுதியில் தொடங்கி, தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்தார்கள். 1867இல் தேயிலை வந்தது. கங்காணி, கணக்கப்பிள்ளை, சின்னத்துரை, பெரியதுரை என்று படி படியாக மேலே ஆட்கள். துரை வருகிற பாதையில் ஒதுங்கி நில். தோள் துண்டை இறக்கு. குடையை மடக்கு. கேட்டால் மட்டும் பதில் சொல். பாட்டன் அதைச் செய்ததைத் தகப்பன் பார்த்தார், தகப்பன் செய்ததைப் பிள்ளை பார்த்தது. யாரும் பாடம் நடத்தவில்லை. பார்த்தே படித்துக்கொண்டோம்.

பிறகு 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள், வாக்குரிமையும் போனது. 1947 பொதுத் தேர்தலில் மலையகத் தமிழர் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், அடுத்த தேர்தலில் ஓரமாக நின்று பார்த்தது. அந்தப் பிரச்சினை சட்டப்படி தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். "உனக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று அரை நூற்றாண்டு கேட்கப்பட்டவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள். தோட்டக்காட்டான் என்று பஸ்சில் ஒருவன் சொல்லும்போது தலை குனிகிறோமே, அந்தக் குனிவுக்கு இவ்வளவு வரலாறு இருக்கிறது.

வெளியே கற்றுக்கொடுத்ததோடு முடியவில்லை. வீட்டிலும் கற்றுக்கொடுத்தோம். "பொம்பளப் புள்ள சத்தமா சிரிக்காத." "ஆம்பளைங்க பேசுற எடத்துல உனக்கென்ன வேல?" சாதியைச் சொல்லி ஒருவரை ஒருவர் அடக்கினோம். சங்கத்திலும் இருக்கிறது, ஒளிக்க வேண்டாம். கொழுந்து எடுக்கிற பெண்களின் சந்தாவில் சங்கம் நடக்கிறது. ஆனால் தோட்டத் தலைவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஆண். கூட்டத்தில் மைக் யார் கையில் என்று பார்த்தால் அதுவும் ஆண். சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். நாம் எல்லோரும் சேர்ந்து மாற்ற வேண்டிய விசயம் இது.

இந்தப் பயத்தை உடைத்தவர்கள் நமக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். தோட்டத்துக்குள் வெளியார் வரக்கூடாது என்று இருந்த காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரி உள்ளே வந்து நம் நிலைமையைப் பார்த்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாளை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த அம்மா தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். நம் துன்பத்தையும் உரிமையையும் தாமே பாட்டாகக் கட்டினார். அவை 1940இல் நூலாகவும் வந்தன. ஒரு பெண் பொதுக்கூட்டத்தில் வாய் திறப்பதே பெரிய விசயமாக இருந்த காலம் அது. நாலு பேர் என்னென்னவோ நினைத்துத்தான் இருப்பார்கள். அவர்கள் நினைத்ததெல்லாம் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அம்மாவின் பாட்டு மட்டும் இருக்கிறது.

ஒரே கொழுந்தை எடுத்து, ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்ததும் நம் தாய்மாருக்குத் தெரியும். 1984இல் வேலைநிறுத்தம் நடந்த பிறகுதான் சம சம்பளம் வந்தது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த வித்தியாசம் இன்னும் எத்தனை வருசம் இருந்திருக்குமோ.

கடலுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். கேரளாவில் மூணாறு. அங்கே தேயிலையில் வேலை செய்கிறவர்களும் நம்மைப் போலத் தமிழர்கள், லயத்தில் இருக்கிறவர்கள். 2015 செப்டம்பரில் 20 வீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 9 நாள் இருந்து கேட்டதைப் பெற்றார்கள். சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டீவிக்காரர் மைக்கை நீட்டியபோது அந்தப் பெண்களே பேசினார்கள். முந்தின மாதம் வரை அவர்களும் நம்மைப் போல "நீங்களே சொல்லிருங்க" என்று சொன்னவர்கள்தான். சங்கத்தில் இருக்கிற நமக்கு அதில் ஒரு பாடமும் உண்டு. பெண்ணைப் பேச விடாத சங்கத்தை ஒரு நாள் பெண்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

"அவங்கல்லாம் தைரியசாலிங்க, நமக்கு நாக்கே எழும்பாதே" என்று யாராவது நினைத்தால், மகாத்மா காந்தியின் கதையைச் சொல்கிறேன். அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். லண்டனில் சட்டம் படித்தபோது, தாம் சேர்ந்திருந்த சைவ உணவுச் சங்கத்தில் ஒரு கருத்தைச் சொல்ல எழுந்து பேச முடியாமல், எழுதிக்கொடுத்து வேறொருவரை வாசிக்க வைத்தார். பாரிஸ்டராகி பம்பாய்க்கு வந்து, ஒரு சிறிய வழக்கில் சாட்சியைக் கேள்வி கேட்க எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாவைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். அதே மனிதர் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து, ஹட்டனிலும் பதுளையிலும் நம் சனங்கள் கூடியிருந்த கூட்டங்களில் பேசினார். நடுக்கம் வந்தவர் பேசவே முடியாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

அந்த நடுக்கம் ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போகும்.

மலையில் கொழுந்து எடுக்கும்போது செடிக்குள் பாம்பு அசைந்தால் என்ன நடக்கிறது? நெஞ்சு படபடக்கிறது, வாய் வறளுகிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது. ஓடவோ அடிக்கவோ உடம்பு தயாராகிறது. ஆபீசில் துரை முன்னால் நிற்கும்போதும் அதேதான் நடக்கிறது. உடம்புக்குப் பாம்பும் மேசையும் ஒன்றுதான். நீங்கள் கோழை என்பதற்கு அது அடையாளம் இல்லை. அங்கேயே நின்றால் கொஞ்ச நேரத்தில் படபடப்பு தானாக இறங்கும். ஓடி வந்துவிட்டால் அந்த நேரத்துக்கு நிம்மதி. ஆனால் அடுத்த தடவை பயம் இன்னும் பெரிசாக நிற்கும். ஒவ்வொரு தடவை ஒதுங்கும்போதும் பயத்துக்குத் தீனி போடுகிறோம். ஒவ்வொரு தடவை நின்று பேசும்போதும் அது கொஞ்சம் மெலிகிறது. பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் அது போகாது. பேசப் பேசத்தான் போகும்.

இன்னொன்று. எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று நினைக்கிறோம். 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் செய்தது. மாணவர் ஒருவருக்குப் போடவே வெட்கப்படுகிற மாதிரி, ஒரு பாடகரின் படம் போட்ட டீ-சேர்ட்டைக் கொடுத்து, மற்ற மாணவர்கள் இருக்கிற அறைக்குள் போய் வரச் சொன்னார்கள். பிறகு, "அது யார் படம் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். "பாதிப் பேர் கவனித்திருப்பார்கள்" என்பது அவர்களுடைய எண்ணம். உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப் பேர். பலரிடம் செய்து பார்த்ததில் கிடைத்த கணக்கு இது. நாம் நினைப்பதில் பாதிதான் சனங்கள் நம்மைக் கவனிக்கிறார்கள். உங்கள் விரல் கறையைப் பார்ப்பதாக நீங்கள் நினைக்கிற அந்தப் பக்கத்து அம்மா, தன் செருப்பு வார் அறுந்திருப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டு இருப்பார்.

சிலருக்கு இது வெறும் கூச்சமாக இருக்காது. வீட்டை விட்டு வெளியே வர முடியாமல், வேலைக்கும் பாடசாலைக்கும் போக முடியாமல், சாப்பாடு தூக்கம் இல்லாமல் போகும் அளவுக்கு இருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விசயம். பேய் பிடித்தது என்று மறைக்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம். சுகமாகும்.

இனி, என்ன செய்வது என்று பார்ப்போம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலாவது, மூன்று வசனம். நான் யார்? என்ன நடந்தது? எனக்கு என்ன வேண்டும்? இவ்வளவுதான். "நான் மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கிறேன், என்னுடைய நம்பர் இது. போன மாதம் 22 நாள் வேலை செய்தேன், சம்பளச் சிட்டையில் 20 நாள்தான் இருக்கிறது. செக்ரோலைப் பார்த்துத் திருத்தித் தாருங்கள்." முடிந்தது. கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். பேச்சு நீண்டால்தான் தடுமாறும்.

இரண்டாவது, எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கடதாசியைப் பார்த்துப் பேசுவதில் வெட்கமே இல்லை. பாராளுமன்றத்திலேயே கடதாசி வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

மூன்றாவது, இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். நிற்பதே உதவி. பேசுகிறவர் ஒரு விசயத்தை மறந்தால், "அக்கா, ரெண்டு நாள் கொறையுதுன்னு சொல்லு" என்று எடுத்துக்கொடுக்கலாம். யார் என்ன பதில் சொன்னார், எந்தத் திகதியில் சொன்னார் என்பதை மற்றவர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். சங்கம் என்பது இதுதான். சங்கம் ஆரம்பித்ததே தனி ஆளின் பயத்துக்கு மருந்தாகத்தான்.

நான்காவது, சிறிய படியிலிருந்து ஏறுங்கள். முதல் நாளே துரையிடம் போக வேண்டாம். பஸ் கொண்டக்டரிடம் மிச்சக் காசைக் கேளுங்கள். கோயில் கூட்டத்தில் எழுந்து ஒரு வசனம் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் தறாசுக்கு முன்னால் ஒரு கேள்வி. அதற்கும் பிறகு ஆபீஸ். ஒரு படியில் பயம் குறைகிற வரைக்கும் அந்தப் படியிலேயே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கொழுந்து எடுக்க வந்த முதல் வாரத்தில் விரல் ஓடியதா? பழகப் பழகத்தானே ஓடியது?

ஐந்தாவது, சட்டம் உங்கள் பக்கம் நிற்கிற இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் பேசவும், தமிழில் பதில் பெறவும் நமக்கு அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. நுவரெலியா, அம்பகமுவ போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழியிலும் நிர்வாகம் நடக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டவை. சிங்களம் தெரியாதது குற்றம் இல்லை. படித்துக்கொள்வது நல்லது, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரு வசனத்தை மட்டும் இன்றைக்கே பாடமாக்குங்கள்: "கருணாகரலா தெமளென் கியன்ன." தயவு செய்து தமிழில் சொல்லுங்கள் என்று அர்த்தம். சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். பெரும்பாலான சிங்களச் சகோதரர்கள் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு உதவுவார்கள். திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம், சங்கம் எழுதித் தரும்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். அரச அலுவலகத்தில் தகவல் கேட்க, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். அதை எழுதி எடுக்க வேண்டியது தகவல் அலுவலரின் கடமை. படிக்காதவர் கேட்பதற்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். நாம்தான் வாசலோடு திரும்பி வருகிறோம்.

விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போட வேண்டாம். "வீட்டுக்குக் கொண்டு போய் வாசிச்சிட்டு நாளைக்குத் தாறேன்" என்று சொல்லப் பழகுங்கள்.

ஆறாவது, யாராவது சிரித்தால்? சிரிப்பார்கள். ஒருத்தராவது சிரிப்பார். அப்போது மூச்சை இழுத்து விட்டு, நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள். சிரித்தவருக்குப் பதில் சொல்லப் போக வேண்டாம், வந்த காரியம் போய்விடும். வீட்டுக்கு வந்து, "அப்படிச் சொல்லிட்டேனே, இப்படிச் சொல்லிட்டேனே" என்று இரவெல்லாம் புரளவும் வேண்டாம். சிரித்தவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அதை மறந்திருப்பார்.

இவ்வளவும் பேசுகிறவருக்குச் சொன்னது. கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது.

அந்த நாலு பேர் யார் என்று தொடக்கத்தில் கேட்டேன் இல்லையா? தேடிப் பார்த்தால் அந்த நாலு பேர் நாம்தான். கூட்டத்தில் ஒரு அக்கா சொல் தடுமாறினால் வாயைப் பொத்திச் சிரிக்கிறவர்கள் யார்? "இவ பெரிய தலைவி, பேச வந்துட்டா" என்று பீலிக்கரையில் பேசுகிறவர்கள் யார்? சிங்களத்தைத் தப்பாகப் பேசினவரை அந்தச் சொல்லாலேயே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்கள் யார்? துரைக்கு நாம் எப்படிப் பேசினோம் என்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. நம்மை எடை போடுகிறவர்கள் பெரும்பாலும் நம் லயத்துக்காரர்கள். நாம் இந்தத் தறாசைக் கீழே வைத்தால், பக்கத்து வீட்டுக்காரியின் பயத்தில் பாதி அன்றைக்கே போய்விடும்.

வீட்டில் மகள் எதிர்த்துக் கேள்வி கேட்டால், வாயை மூடு என்று சொல்வதற்கு முன்னால் யோசியுங்கள். நியாயமான கேள்வி என்றால் பதில் சொல்லுங்கள். வீட்டில் அடங்கிய பிள்ளை வெளியில் போய் எப்படி உரிமை கேட்கும்? உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2016இல் சட்டம் வந்து, 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கதிரையில் நம் பிள்ளைகள் போய் உட்கார்ந்தால் போதாது. நம் தோட்டத்து ரோட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் சபையில் எழுந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு நம் வீட்டு அடுப்படியில் தொடங்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். ஊர் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அந்தத் தோட்டத்துத் தேயிலையை விற்ற காசு இந்த நாட்டுக்கு வருசா வருசம் டொலராக வருகிறது. அதை எடுத்த விரலின் கறை உங்களைப் படிக்க வைத்த கறை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சங்கத்துக்கு என்னுடைய யோசனை ஒன்று. இனி ஒவ்வொரு தோட்டக் கூட்டத்திலும் முதல் பதினைந்து நிமிசம் தலைவர்கள் பேசக்கூடாது. அந்த நேரம் அங்கத்தவர்களுக்கு. அதிலும் இதுவரைக்கும் கூட்டத்தில் பேசாதவர்களுக்கு. மூன்று வசனம் போதும். இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது, யாரும் திருத்தக் கூடாது. ஆபீசுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் கொழுந்து எடுக்கிற பெண் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் கூடப் போய் நின்றுவிட்டு வராமல், ஒரு கோரிக்கையையாவது தம் வாயால் சொல்ல வேண்டும். முதல் தடவை குரல் நடுங்கும். நடுங்கட்டும். நடுங்கின குரலில் சொன்னாலும் 22 நாள் 22 நாள்தான்.

இப்போது மைக்கைக் கீழே வைக்கிறேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருக்கிறவரைத் திரும்பிப் பாருங்கள். உங்கள் தோட்டத்தில் இன்றைக்குத் தீர வேண்டிய ஒரு பிரச்சினையை மூன்று வசனத்தில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள். பத்து நிமிசம் தருகிறேன். அதற்குப் பிறகு ஐந்து பேர் முன்னால் வந்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும். யார் முதலில் வருகிறீர்கள் என்று நான் பெயர் கூப்பிடப் போவதில்லை. நீங்களே கையைத் தூக்குங்கள்.